பக்கத்து இருக்கையில் எதிரணி ரசிகர்

கால்பந்து மைதானத்தில் ஒருவர் எங்கே உட்காரலாம் என்பதை டிக்கெட் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் யாருக்காகக் கைதட்டப் போகிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் விதிப்படி, வெளியூர் அணியின் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகளை ஒதுக்க வேண்டும். சிறிய மைதானமாக இருந்தால் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போதும். பெரும்பாலும் ஒரு மூலைதான் அந்த இடம். தனி வாசல், தனிக் கழிப்பறை, தனித் தின்பண்டக் கடை. அந்த மூலைக்கும் உள்ளூர்க்காரர்கள் பகுதிக்கும் நடுவே சில வரிசை இருக்கைகளை வலை போர்த்திக் காலியாக விட்டிருப்பார்கள். ஓரமாக, பளிச்சென்ற சட்டையில் பாதுகாப்பு ஊழியர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்த்தபடி நிற்பார்கள். மைதானத்துக்குள் தொண்ணூறு நிமிடம் நின்றும் ஒரு கோலைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்புகிறவர்கள் அவர்கள்தான்.

மீதியுள்ள ஸ்டாண்டுகள் எல்லாம் சொந்த அணி ரசிகர்களுக்கு. எதிரணி ஜெர்சியோ ஸ்கார்ஃபோ அணிந்து அங்கே வரக் கூடாது, எதிரணியின் கோலைக் கொண்டாடக் கூடாது என்பது டிக்கெட்டோடு சேர்ந்த நிபந்தனை. மீறினால் ஊழியர்கள் வந்து எழுப்பி வெளியே அனுப்பிவிடலாம். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் இந்தப் பகுதியில் எதிரணி ரசிகர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். வெளியூர் மூலைக்கான டிக்கெட்டுகள் பெரிய கிளப்புகளில் பல ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் வந்தவர்களுக்கே முதலில் கிடைக்கும். புதியவருக்கு அந்த வரிசை எட்டாது. ஆகவே உள்ளூர் நண்பரின் சீசன் டிக்கெட்டில், வாய் திறப்பதில்லை என்ற உறுதிமொழியோடு உள்ளே போகிறார். கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்காருகிறார். அவருடைய அணி கோல் போடுகிறது. சுற்றிலும் தலையில் கைவைக்கிறார்கள், கெட்ட வார்த்தைகள் பறக்கின்றன. இவர் தொடைக்கு அடியில் கைகளைச் செருகிக்கொண்டு ஷூ நுனியைப் பார்க்கிறார். பெரும்பாலும் இப்படிப்பட்டவரை மாட்டிவிடுவது சிரிப்பல்ல. எல்லோரும் துவண்டு போயிருக்கும்போது இவர் முகத்தில் மட்டும் வருத்தம் இல்லை என்பதைப் பின்வரிசைக்காரர் கவனித்துவிடுவார்.

இவரைப் போன்றவர்களை வெளிப்படையாகவே உட்கார விடலாமா என்பதுதான் கேள்வி. பதில் சொல்லும் முன், இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கால்பந்தோடு கூடப் பிறந்தது அல்ல அது.

1950களில் இங்கிலாந்து மைதானங்களின் பெரும்பகுதி நின்று பார்க்கும் படிக்கட்டுகள். தங்கள் அணி எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ அந்தக் கோலுக்குப் பின்னால் போய் நிற்பது வழக்கம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும், ரசிகர்களும் மாறுவார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், நடுவில் ஒருவரையொருவர் கடந்து, கிண்டலடித்தபடி போவார்கள். கலவரமே இல்லாத பொற்காலம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. 1909இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளின் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் மறுபடி ஆடப்பட்டும் டிராவில் முடிந்தது. கூடுதல் நேரம் உண்டு என்று நம்பிக் காத்திருந்த கூட்டம், இல்லை என்றதும் மைதானத்தை அடித்து நொறுக்கித் தீ வைத்தது. ஜென்மப் பகையாளிகள் எனப்படும் இரு தரப்பும் அன்று தோளோடு தோள் நின்றது நிர்வாகத்துக்கு எதிராக! அந்த ஆண்டு கோப்பை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

1960களில் நிலைமை மாறியது. கையில் கொஞ்சம் காசும் ரயில் வசதியும் கிடைத்த இளைஞர்கள், அப்பாவோ மாமாவோ உடன் இல்லாமல் கூட்டமாக வெளியூர் போகத் தொடங்கினார்கள். எதிரணியின் கோலுக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டைப் புகுந்து பிடிப்பது வீர விளையாட்டானது. 1974 ஆகஸ்டில் பிளாக்பூல் மைதானத்தில், போல்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தின்போது பிளாக்பூல் ரசிகரான பதின்வயதுப் பையன் ஒருவன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு ரசிகர்களைப் பிரித்து வைப்பதும் கம்பி வேலி போடுவதும் நாடெங்கும் வேகமாகப் பரவின. மைதானத்தின் பக்கம் ஒரு வேலி, படிக்கட்டைக் கூறுபோடக் குறுக்கே இன்னும் சில வேலிகள். மாட்டுப்பட்டிக்குச் சொல்லும் ‘பென்’ என்ற ஆங்கிலச் சொல்லே ரசிகர் நிற்கும் கூண்டுக்கும் பெயரானது.

பிரித்து வைப்பதன் தேவையையும் அதன் ஆபத்தையும் நான்கு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு துயரங்கள் காட்டின.

1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் ஸ்டேடியத்தில் லிவர்பூலும் இத்தாலியின் யுவென்டஸும் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தன. லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பகுதிக்குப் பக்கத்தில் இருந்த இசட் பிளாக், எந்தக் கட்சியும் இல்லாத பெல்ஜியப் பார்வையாளர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் டிக்கெட்டுகள் கைமாறி யுவென்டஸ் ரசிகர்கள் பலரிடம் போய்ச் சேர்ந்தன. இரண்டு பகுதிகளுக்கும் நடுவே மெல்லிய கம்பி வலை. போதிய போலீஸ் இல்லை. லிவர்பூல் பக்கத்திலிருந்து ஒரு கும்பல் வலையைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. தப்பியோடியவர்கள் மறுகோடியில் நெருக்கியடிக்க, பழைய சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் ‘பொதுப் பகுதி’ எதையும் தடுக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

அடுத்தது 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதின. இரு தரப்பும் வழியில் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, எந்தத் திசையிலிருந்து வருகிறார்களோ அந்தப் பக்கமே இடம் என்று போலீஸ் முடிவு செய்தது. அதனால் ரசிகர் கூட்டம் அதிகமுள்ள லிவர்பூலுக்குக் குறுகலான லெப்பிங்ஸ் லேன் முனை வந்தது. அங்கே நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய 10,100 பேருக்கு ஒவ்வொருவராக நுழையும் சுழல்கதவுகள் ஏழே ஏழு. வெளியே நெரிசல் முற்றியதும் போலீஸ் பெரிய வெளிக்கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த கூட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குள் போனது. முன்னால் வேலி, பக்கங்களில் வேலி. 97 பேர் உயிரிழந்தார்கள். எதிரணி ரசிகர் ஒருவர்கூட அவர்கள் பக்கத்தில் இல்லை. ஒரு தரப்பை மறு தரப்பிடமிருந்து காக்க எழுப்பிய வேலிகளுக்குள்தான் அவர்கள் நசுங்கினார்கள். இந்தத் துயரத்தை விசாரித்து 1990இல் வெளிவந்த டெய்லர் அறிக்கைக்குப் பின் முன்வேலிகள் அகற்றப்பட்டு, பெரிய மைதானங்கள் முழுக்க இருக்கைகளுக்கு மாறின. ஆனால் ரசிகர் பிரிவினை அப்படியே தொடர்ந்தது.

தொடர்ந்தது மட்டுமல்ல, சட்டத்துக்குள்ளும் புகுந்தது. இங்கிலாந்தில் கச்சேரி டிக்கெட்டை வாங்கிய ஒருவர் மற்றவருக்கு விற்பது நெடுங்காலம் குற்றமாக இருந்ததில்லை. கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது மட்டும் 1994 முதல் குற்றம். காரணம் கள்ளச்சந்தை விலை அல்ல. டிக்கெட் கைமாறினால் யார் பக்கத்தில் யார் உட்காருவார் என்பது கிளப்பின் கையை விட்டுப் போய்விடும். ஹெய்சலின் இசட் பிளாக்கை யாரும் மறக்கவில்லை.

இதே இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கும் எவர்டனின் பழைய மைதானமான குடிசன் பார்க்குக்கும் நடுவே ஒரு பூங்காதான். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம். 1984 லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு இரு தரப்பும் ஒன்றாகவே லண்டனுக்குப் போய், வெம்ப்ளியில் கலந்து நின்று தங்கள் வட்டாரத்தின் பெயரான ‘மெர்சிசைட்’ என்று சேர்ந்தே கோஷமிட்டார்கள். ஹில்ஸ்பரோவுக்கு மறுவாரம், இரண்டு மைதானங்களையும் இணைத்துச் சிவப்பு, நீல ஸ்கார்ஃபுகள் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டன. இங்கே கலந்து உட்காருவது நிர்வாகம் வகுத்த திட்டம் அல்ல. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே கலந்திருந்தவர்கள் ஸ்டாண்டிலும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

அதே மாதிரி வீட்டுக்குள் புகுந்த பகை கொல்கத்தாவில் இருக்கிறது. 1889இல் தொடங்கிய மோகன் பகான், மேற்கு வங்கப் பூர்வீகக் குடும்பங்களின் அணி. 1920இல் உருவான ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுடையது. தேசப் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்து சேர்ந்த லட்சக்கணக்கானோருக்கு, ‘நாங்களும் இந்த ஊர்தான்’ என்று உரத்துச் சொல்ல அந்த அணி கிடைத்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால்: வெற்றியின் சமையல் கணக்கு இதுதான். இரு தரப்பிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் ஏராளம். மாமியார் கையில் இறால், மருமகள் கையில் ஹில்சா என்ற கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.

இத்தனை நெருக்கம் இருந்தும் 1980 ஆகஸ்ட் 16 அன்று நடந்ததை அது தடுக்கவில்லை. அன்றைய ஆட்டம் கிரிக்கெட் மைதானமான ஈடன் கார்டன்ஸில். இரு கிளப்புகளின் ரசிகர்களும் அங்கே ஒரே ஸ்டாண்டில் கலந்திருந்தார்கள். ஈஸ்ட் பெங்காலின் திலிப் பாலித்துக்கும் மோகன் பகானின் விதேஷ் போஸுக்கும் களத்தில் உரசல் முற்றி, நடுவர் இருவரையும் வெளியேற்றினார். கேலரியில் கல் பறந்தது, கைகலப்பு தொடங்கியது. மேலடுக்கில் இருந்தவர்கள் குறுகிய படிகளை நோக்கி ஓடினார்கள். சிலர் மேலிருந்து குதித்தார்கள். 16 பேர் திரும்பி வரவில்லை. இன்றும் ஆகஸ்ட் 16 கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர் தினம். அன்று ரத்ததான முகாம்கள் நடக்கின்றன. 1984இல் சால்ட் லேக் ஸ்டேடியம் திறந்த பின், ஒரே ஊர் அணிகள் மோதும் இந்த டெர்பி ஆட்டம் அங்கே போனது. இரு தரப்புக்கும் தனித்தனிக் கேலரி, தனித்தனி வாசல். 1997 ஜூலையில் அங்கே நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். பாய்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அத்தனை பெரிய கூட்டத்தைக் கலந்து உட்கார வைக்க யாருக்கும் துணிவு வந்திருக்காது.

இதே ஊரில், 2024 ஆகஸ்டில், மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொதித்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி டூரண்ட் கோப்பை டெர்பி ரத்தானது. ஆட்டம் நடக்க வேண்டிய அதே மாலையில் இரு கிளப் ரசிகர்களும், கூடவே நகரின் மற்றொரு கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும், பூட்டிய ஸ்டேடியத்தின் வாசலில் ஒன்றாக நின்று முழக்கமிட்டார்கள். ஒரு கிளப்பின் ஜெர்சிக்காரர் தோளில் மற்ற கிளப்பின் ஜெர்சிக்காரர் ஏறி உட்கார்ந்திருந்த படங்கள் நாடெங்கும் பரவின. ஸ்டேடியத்துக்குள் பக்கத்தில் உட்கார முடியாதவர்கள் வெளியே தோளில் ஏற்றிக்கொண்டார்கள். முரண் மனிதர்களிடம் இல்லை. ஆட்டம் என்ற அந்தத் தொண்ணூறு நிமிடத்தில்தான் இருக்கிறது.

கலப்பதும் வேண்டாம், மூலையும் வேண்டாம், வெளியூர் ரசிகரே வரக் கூடாது என்று முடிவெடுத்த இடங்களும் உண்டு. 1985இல் மில்வால் ரசிகர்கள் நடத்திய கலவரத்துக்குப் பிறகு, இங்கிலாந்தின் லூட்டன் டவுன் 1986 முதல் சில பருவங்களுக்கு உறுப்பினர் அட்டை இல்லாத யாரையும் உள்ளே விடவில்லை. மைதானத்தில் அமைதி வந்தது. ஆனால் இந்தத் தடையைத் தளர்த்த மறுத்ததால் லீக் கோப்பைப் போட்டியிலிருந்து அந்த ஆண்டு கிளப் விலக்கப்பட்டது. அர்ஜென்டினா 2013 ஜூனில், ரசிகர் ஒருவரின் சாவுக்குப் பிறகு முதல்தர லீக்கில் வெளியூர் ரசிகர்களை முற்றாகத் தடை செய்தது. அந்தத் தடை பத்தாண்டுக்கும் மேல் நீடித்து, 2025இல்தான் படிப்படியாகத் தளரத் தொடங்கியது. தடை இருந்த காலத்தில் ‘நடுநிலையாளர்’ என்ற பெயரில் எதிரணி ரசிகர்களுக்கே டிக்கெட் விற்ற கிளப்புகளும் உண்டு. வன்முறையும் ஒழியவில்லை. பார்ரா பிராவா எனப்படும் ரசிகர் கும்பல்கள், பார்க்கிங் பணம், டிக்கெட் பணம் என்று ஒரே கிளப்புக்குள்ளேயே அடித்துக்கொண்டன.

இந்தோனேசியா தந்த பாடம் இன்னும் கொடியது. 2022 அக்டோபர் 1 அன்று மலாங் நகருக்கு அருகிலுள்ள கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் அரேமா அணி பெர்செபாயாவிடம் தோற்றது. முன்னெச்சரிக்கையாகப் பெர்செபாயா ரசிகர்கள் யாரும் அனுமதிக்கப்படவில்லை. தோல்வியில் களத்துக்குள் இறங்கியவர்களை விரட்டப் போலீஸ் ஸ்டாண்டுகளை நோக்கியும் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. குறுகலான வாசல்களில் நெரிந்து 135 பேர் இறந்தார்கள். பக்கத்து இருக்கையில் எதிரியே இல்லாத ஸ்டேடியம் அது.

சரி, வேறு ஆட்டங்களில் இந்தத் தலைவலி ஏன் இல்லை? ரக்பியில் இங்கிலாந்தும் வேல்ஸும் மோதும்போது இரு நாட்டு ரசிகர்களும் கையில் பீரோடு பக்கத்தில் உட்காருகிறார்கள். கிரிக்கெட்டில் பிரிவினை என்ற பேச்சே கிடையாது. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ரன்னில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு சென்னை எழுந்து நின்று கைதட்டியதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால்பந்திலேயே, இங்கிலாந்தின் பெண்கள் லீக் ஆட்டங்களில் ரசிகர்கள் பெரும்பாலும் கலந்தே உட்காருகிறார்கள். உலகக் கோப்பையிலும் பொது டிக்கெட் வாங்கியவர்கள் அப்படித்தான்.

ஒரு காரணம் ஆட்டத்தின் கட்டமைப்பு. கிரிக்கெட்டில் நாள் முழுக்க சந்தோஷமும் சோகமும் சில்லறையாக மாறி மாறி வரும். கால்பந்தில் தொண்ணூறு நிமிடமும் அடக்கி வைத்தது ஒரே கோலில் வெடிக்கிறது. அந்த நொடியில் ஒருவரின் உச்ச சந்தோஷம் பக்கத்தில் இருப்பவரின் உச்ச வேதனை. இன்னொரு காரணம், கால்பந்துக் கூட்டம் வெறும் பார்வையாளர் கூட்டம் அல்ல. கோலுக்குப் பின்னால் நிற்பவர்கள் பாட்டும் கோஷமுமாக ஆட்டத்தில் பங்கெடுக்கிறார்கள். ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டு ஒரே குரலில் பாடுவார்கள். அதற்கு நடுவே எதிரணி ஜெர்சியில் ஒருவர் நிற்பது பஜனைக்குள் புகுந்து வேறு ராகத்தில் பாடுவது மாதிரி. அடி விழாவிட்டாலும் பொருந்தாது.

அதே ஜெர்மனியில், பக்கவாட்டு இருக்கைப் பகுதிகளில் எதிரணி ஸ்கார்ஃபோடு ஒருவர் மனைவி மக்களுடன் உட்கார்ந்திருப்பதைப் பல மைதானங்களில் காணலாம். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. லண்டனில் ஃபுல்லம் கிளப் தன் கிரேவன் காட்டேஜ் மைதானத்தின் பட்னி முனையில் நடுநிலைப் பகுதி ஒன்றை நீண்ட காலம் வைத்திருந்தது. இரு அணி ரசிகர்களும் டிக்கெட் வாங்கி அங்கே சேர்ந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளும், வேறு வேறு அணியைப் பிடித்துக்கொண்ட கணவன் மனைவியரும்தான்.

ஆகவே கேள்வியை மொத்தமாகப் போடுவதே தவறு. கோலுக்குப் பின்னால் இருக்கும் பாடும் ஸ்டாண்ட் சொந்த ரசிகர்களுக்கே இருக்க வேண்டும். அங்கே எதிரணி ரசிகர் தன்னை மறைத்துக்கொண்டு போவது நண்பருக்குச் செய்யும் உபகாரமும் அல்ல. பக்கவாட்டில் ஒரு பகுதியைக் கலப்பிடமாக அறிவிப்பதில் தவறில்லை. ஆனால் அது ஹெய்சல் மாதிரி பெயரளவில் இருக்கக் கூடாது. சண்டை இல்லாத ஆட்டங்களில் மட்டும் திறக்க வேண்டும். டிக்கெட்டை இருவர், மூவர் என்று சேர்த்து வாங்குபவர்களுக்குக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் கூட்டமாக வரும் தனியாட்களைவிட வீட்டாரோடு வருபவர்கள் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்வார்கள். படிகள் அகலமாகவும் கதவுகள் உள்ளிருந்து திறப்பதாகவும் இருக்க வேண்டும். ஈடன் கார்டன்ஸிலும் கஞ்சுருஹானிலும் உயிரைக் குடித்தவை குறுகிய படிகளும் வாசல்களும்தான். கிளாஸ்கோ மாதிரி டெர்பிகளுக்கு இது ஒத்துவராது. அங்கே 2018இல் எதிரணி ஒதுக்கீட்டை ஏழாயிரத்துச் சொச்சத்திலிருந்து எண்ணூறு அளவுக்கு வெட்டினார்கள். பிறகு கொஞ்ச காலம் ஒருவருக்குமே இடமில்லை. 2025 தொடக்கத்தில்தான் ஒரு மூலை மறுபடி திறந்தது. மூலையையே இழந்து மீட்ட ஊரில் கலப்பிடம் பற்றிப் பேசுவது வீண்.

இந்தியாவில் வேறொரு சிக்கல். ‘வெளியூர் ரசிகர்’ என்பவர் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.யோடு கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும் நாளில், மஞ்சள் ஜெர்சியில் வரும் பலர் ரயிலில் வந்து இறங்கியவர்கள் அல்ல. சென்னையிலேயே படித்து, வேலை பார்த்து, வாடகை கொடுத்து வாழும் மலையாளிகள். அவர்களோடு வரும் அலுவலக நண்பர் நீல ஜெர்சியில் இருப்பார். ஆட்டம் முடிந்ததும் மஞ்சள் மூலையை மட்டும் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தால், வெளியே ஒரே பைக்கில் வந்த இருவரில் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவருக்காகக் கேட்டருகே காத்து நிற்க வேண்டியதுதான்.